டேட்டா சென்டர் வந்தா வேலை வருமா? கோமுகி தண்ணி போகுமா? கள்ளக்குறிச்சி போட வேண்டிய கணக்கு!

கள்ளக்குறிச்சி: விசாகப்பட்டினத்தில் கூகுள் நிறுவனம் 15 பில்லியன் டாலர் கொட்டப்போகிறது என்ற செய்தி 2025 அக்டோபரில் வெளியானது முதல், "நம்ம மாவட்டத்துக்கும் ஒண்ணு வராதா?" என்ற ஏக்கம் பின்தங்கிய மாவட்டங்களில் எல்லாம் எழுந்துள்ளது.

கள்ளக்குறிச்சியும் அதற்கு விதிவிலக்கு இல்லை. விழுப்புரத்தில் இருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ந்தேதி தனி மாவட்டமாக உதயமானது. சென்னை-திருச்சி நெடுஞ்சாலை உளுந்தூர்பேட்டை வழியாக போகிறது. அங்கிருந்து சேலம் ரோடு பிரிகிறது. மலையடிவாரத்தில் அணை இருக்கிறது. நிலத்தின் விலையும் சென்னையோடு ஒப்பிட்டால் குறைவு. பெரிய கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட இது போதும்.

ஆனால் வருவது எல்லாம் வரமா? டேட்டா சென்டர் வந்தால் உள்ளூர்க்காரனுக்கு என்ன கிடைக்கும்? எதை கொடுக்க வேண்டி வரும்? வருவதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

டேட்டா சென்டர் என்றால் என்ன?

செல்போனில் ஜிபே அடிக்கிறோம். யூடியூப்பில் பாட்டு பார்க்கிறோம். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம். இந்த தகவல் எல்லாம் எங்கோ ஒரு கட்டிடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு போய்த்தான் திரும்பி வருகிறது. அந்த கட்டிடம்தான் டேட்டா சென்டர்.

சுருக்கமாக சொன்னால் கம்ப்யூட்டர் குடோன். ஜன்னல் இல்லாத பெரிய கட்டிடம். உள்ளே பீரோ மாதிரி அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள். 24 மணி நேரமும், 365 நாளும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட ஓட சூடாகும். சூட்டை தணிக்க ராட்சத ஏ.சி. வேண்டும். ஒரு நிமிடம் கரண்ட் போனாலும் தாங்காது என்பதால் வரிசையாக டீசல் ஜெனரேட்டர் நிற்கும்.

தமிழகத்துக்கு இது புதுசு இல்லை. சென்னை அம்பத்தூர், சிறுசேரி பகுதிகளில் பல டேட்டா சென்டர்கள் ஓடுகின்றன. சிங்கப்பூரில் இருந்து கடலுக்கு அடியில் வரும் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதே அதற்கு முக்கிய காரணம். 2021-ல் தமிழக அரசு டேட்டா சென்டருக்கு என்றே தனி கொள்கை வெளியிட்டு சலுகைகளை அறிவித்தது. இந்தியாவில் உள்ள டேட்டா சென்டர்களை பயன்படுத்தி உலகம் முழுக்க சேவை கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2047 வரை வரிச்சலுகை என்று 2026 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. ஆக, இந்த அலை சென்னையோடு நிற்கப்போவது இல்லை. இடம் தேடி உள் மாவட்டங்களுக்கும் வரும்.

விசாகப்பட்டினத்தில் என்ன நடக்கிறது?

விசாகப்பட்டினத்தில் கூகுள் நிறுவனத்துடன் அதானி குழுமமும், ஏர்டெல் நிறுவனமும் கைகோர்த்துள்ளன. ஏ.ஐ. என்னும் செயற்கை நுண்ணறிவுக்கான மையம் இது. முதலீடு நம்ம ரூபாயில் சுமார் 1.30 லட்சம் கோடி. 5 ஆண்டுகளில் இந்த பணம் இறங்கும். மின்தேவை 1,000 மெகாவாட், அதாவது 1 ஜிகாவாட் அளவில் இருக்கும்.

நேரடியாகவும், மறைமுகமாகவும் 1.80 லட்சம் பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்கிறது ஆந்திர அரசு. "இதற்காக 22 ஆயிரம் கோடி ரூபாய்க்கு சலுகையை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், அதை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் ஐ.டி. துறை அமைச்சர் பிரியங்க் கார்கே. இரண்டு மாநிலங்களுக்கும் இடையே பெரிய வாக்குவாதமே நடந்தது.

இன்னொரு பக்கம், மையத்துக்கு தேர்வான தர்லுவாடா கிராமத்தில் விவசாயிகள் நிலம் கொடுக்க எதிர்ப்பு தெரிவித்தனர். அரசு ஏழைகளுக்கு ஒப்படை செய்த நிலங்களும் இதில் அடக்கம். மா, முந்திரி வைத்து பிழைப்பவர்களின் கேள்வி ஒன்றுதான். நிலம் போன பிறகு கம்ப்யூட்டர் குடோனில் எங்களுக்கு என்ன வேலை?

அந்த கேள்வி கள்ளக்குறிச்சிக்கும் பொருந்தும்.

செருப்பு கம்பெனியா? கம்ப்யூட்டர் குடோனா?

உளுந்தூர்பேட்டை சிப்காட்டுக்கு தைவான் நாட்டின் பௌ சென் குழுமம் செருப்பு, ஷூ தொழிற்சாலை அமைக்க முன்வந்தது. 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீடு 2,302 கோடி ரூபாய். 12 ஆண்டுகளில் 20 ஆயிரம் பேருக்கு வேலை, அதிலும் பெண்களுக்கு அதிகம் என்பது வாக்குறுதி.

திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் ஷூ கம்பெனி வந்த பிறகு என்ன நடந்தது என்று அந்த பக்கம் போனவர்களுக்கு தெரியும். களை எடுக்க போன பெண்கள் கம்பெனி பஸ்சில் ஏறுகிறார்கள். பிளஸ்-2 படித்தவருக்கும், படிப்பை பாதியில் விட்டவருக்கும் மாத சம்பளம் வருகிறது. சம்பளம் போதுமா, வேலை நேரம் சரியா என்ற குறைகள் தனி. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறது.

இதே 2,300 கோடியை டேட்டா சென்டரில் போட்டால் என்ன கிடைக்கும்? இந்தியாவில் 1 மெகாவாட் டேட்டா சென்டர் கட்ட சுமார் 60 கோடி ரூபாய் ஆகும் என்பது தொழில் வட்டார கணக்கு. அப்படி பார்த்தால் 2,300 கோடியில் 40 மெகாவாட்டுக்கு கொஞ்சம் குறைவாக கட்டலாம். கட்டி முடித்த பிறகு அதில் நிரந்தரமாக வேலை பார்ப்பவர்கள் சில நூறு பேருக்குள்தான் இருப்பார்கள். என்ஜினீயர், எலக்ட்ரீசியன், ஏ.சி. மெக்கானிக், செக்யூரிட்டி, துப்புரவு பணியாளர். அவ்வளவுதான்.

200 பேர் என்றே வைத்துக்கொள்வோம். ஷூ கம்பெனி சொல்லும் 20 ஆயிரத்தில் அது நூற்றில் ஒரு பங்கு!

கட்டும்போது கொத்தனார், வெல்டர், லாரிக்காரருக்கு வேலை உண்டு. உண்மைதான். ஆனால் அது ஒன்று, இரண்டு வருடத்தோடு சரி. அதிலும் கான்ட்ராக்டர்கள் வடமாநில ஆட்களை கூட்டி வருவதுதான் இப்போது எங்கேயும் வழக்கமாகிவிட்டது.

கரண்ட் எவ்வளவு இழுக்கும்?

100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விசாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்குதான்.

முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட் கரண்ட் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் ஒரு சாதாரண வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 3 யூனிட் சொச்சம்தான் செலவு. அப்படியானால் இந்த ஒரு கட்டிடம் இழுக்கும் கரண்ட் 7 லட்சம் வீடுகளுக்கு சமம். 2011 கணக்கெடுப்புப்படி கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகையே சுமார் 13.70 லட்சம். வீட்டுக்கு 4 பேர் என்றால் மூன்றரை லட்சம் வீடு கூட தேறாது. அதாவது மாவட்டத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து எரிப்பது போல் இரண்டு மடங்கு!

இதற்கு தனி துணை மின்நிலையம், தனி ஹைடென்ஷன் லைன் போட வேண்டும். டவர் யார் நிலத்தில் நிற்கும்? லைன் யார் வயலுக்கு மேல் போகும்? செலவு யாருடையது? கம்பெனியா, மின்வாரியமா? மின்வாரியம் என்றால் அது கடைசியில் நம்ம கரண்ட் பில்லில்தான் வந்து விழும்.

அயர்லாந்து நாட்டில் நடந்ததை பார்க்கலாம். 2023-ல் அந்த நாட்டின் மொத்த மின் பயன்பாட்டில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கு போனது. நகரங்களில் உள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து எரித்ததே 18 சதவீதம்தான். தலைநகர் டப்ளின் பகுதியில் புது டேட்டா சென்டருக்கு மின் இணைப்பு கொடுப்பதையே நிறுத்தி வைக்கும் நிலை வந்தது.

கோமுகியில் ஆறில் ஒரு பங்கு

அடுத்தது தண்ணீர். விவசாயிக்கு வயிற்றை கலக்கும் கணக்கு இதுதான்.

கம்ப்யூட்டர் சூட்டை தணிக்க தண்ணீரை ஆவியாக்கும் முறை ஒன்று உண்டு. இந்த முறையில் 1 மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு இரண்டரை கோடி லிட்டர் வரை செலவாகும் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. 100 மெகாவாட் என்றால் ஆண்டுக்கு 250 கோடி லிட்டருக்கு மேல். நாள் ஒன்றுக்கு சுமார் 70 லட்சம் லிட்டர்.

70 லட்சம் லிட்டர் என்றால் எவ்வளவு? நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர் கொடுக்க வேண்டும் என்பது அரசு வைத்துள்ள அளவு. 2011 கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி நகரத்தின் மக்கள் தொகை சுமார் 52 ஆயிரம். பெருக்கிப் பார்த்தால் அதே 70 லட்சம் லிட்டர் வரும். ஒரு டேட்டா சென்டருக்கு தண்ணீர் கொடுப்பது என்பது இன்னொரு கள்ளக்குறிச்சி டவுனுக்கு தண்ணீர் கொடுப்பது மாதிரி!

கச்சிராயபாளையம் அருகே கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. உயரம் 46 அடி. முழு கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 1,585 கோடி லிட்டர். அணை நிரம்பி வழியும் வருடத்திலேயே இந்த டேட்டா சென்டர் மட்டும் அதில் ஆறில் ஒரு பங்கை குடித்துவிடும். மழை பொய்த்த வருடத்தில்? கம்ப்யூட்டருக்கு லீவு கிடையாது. வாய்க்காலுக்குத்தான் லீவு.

இந்த அணையை நம்பி 10 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நெல், கரும்பு பயிராகிறது. கரும்பு குறைந்தால் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அரவை குறையும். அரவை குறைந்தால் கரும்பு வெட்டும் கூலி ஆட்களுக்கும், டிராக்டர் டிரைவர்களுக்கும் பிழைப்பு குறையும். அங்கே போகும் வேலை, குடோனில் கிடைக்கும் 200 வேலையை விட அதிகமா, குறைவா என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

நேராக அணையில் கை வைக்க மாட்டோம், போர் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லலாம். பக்கத்து வயல் கிணறுக்கும் அதே ஊற்றுத்தான் என்பதை மறந்துவிடக்கூடாது.

ரகசியம் ஏன்?

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை சுமார் 16 ஆயிரம். அங்கே கூகுள் டேட்டா சென்டர் இருக்கிறது. அது எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு பத்திரிகை கேட்டது. "தொழில் ரகசியம், சொல்ல முடியாது" என்று நகர நிர்வாகமே 2021-ல் கோர்ட்டுக்கு போனது.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்த வழக்கு 2022 டிசம்பரில் முடிந்து கணக்கு வெளியே வந்தது. ஊரின் மொத்த தண்ணீரில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரு கம்பெனிக்கு போனது தெரிந்தது!

படித்தவர்கள் நிறைந்த அமெரிக்காவிலேயே இந்த கதி. நம்ம ஊரில் ஒப்பந்த பேப்பரை கண்ணில் காட்டுவார்களா?

மலை மேல் என்ன நிலைமை?

கோமுகிக்கு தண்ணீர் வருவதே கல்வராயன் மலையில் பெய்யும் மழையால்தான். ஆனால் அந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு நாடு செய்தது என்ன?

1976 வரை ஜாகீர்தார் ஆட்சி அங்கே நடந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருடம் கழித்துத்தான் மலை மக்களுக்கு அதில் இருந்து விடுதலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியான சோகத்துக்கு பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலைமையை சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. மலைக்கு ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கோர்ட்டு கேட்டபோதுதான் வெளி உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

மலையில் மரவள்ளி, சாமை, தினை விளைகிறது. கடுக்காய், புளி, தேன் கிடைக்கிறது. மரவள்ளியை கீழே உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, விலை ஏறுமா இறங்குமா என்று காத்திருப்பதுதான் பிழைப்பு. வேலை இல்லாத மாதங்களில் கேரளா, கர்நாடகா என்று தோட்ட வேலைக்கு குடும்பத்தோடு போகிறார்கள்.

செல்போன் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கும் குக்கிராமங்கள் இன்னும் உண்டு. கீழே உலகத்துக்கே இன்டர்நெட் ஓட்டும் குடோன். மேலே ரேஷன் கடை மிஷினில் விரல் வைக்க சிக்னல் இல்லாத ஊர். இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தால் அதற்கு பெயர் வளர்ச்சியா?

மலையிலேயே குளிர்ச்சியாக இருக்கிறதே, அங்கேயே டேட்டா சென்டர் வைக்கலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. அது சரிப்படாது. மலை ஏறிப்போகும் வளைவு ரோடு, காப்புக்காடு, கரண்ட் லைன் இல்லாத தூரம் எல்லாமே தடை. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி காட்டு நிலத்தில் மலை மக்களின் உரிமையை பேச கிராம சபைக்கு அதிகாரம் உண்டு. அதை தாண்டி யாரும் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

மறுபக்கமும் உண்டு

அதற்காக டேட்டா சென்டர் என்றாலே விஷம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

புகைபோக்கி கிடையாது. தோல் ஆலை, சாயப்பட்டறை போல் ஆற்றில் கழிவு கலக்காது. தண்ணீரை ஆவியாக்காமல், ஒரே தண்ணீரை குழாய்க்குள் சுற்ற விடும் முறையும் வந்துவிட்டது. இந்த முறையில் புது டேட்டா சென்டர்கள் கட்டப்போவதாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024-ல் அறிவித்தது. தண்ணீர் மிச்சமாகும். ஆனால் கரண்ட் செலவு கூடலாம். ஒன்றை பிடித்தால் ஒன்று நழுவும் கதைதான்.

சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூரில் கழிவுநீரை சுத்திகரித்து தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். கள்ளக்குறிச்சி மாதிரி நகரத்தில் அவ்வளவு கழிவுநீர் கிடைக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் குடிக்கிற தண்ணீரில் கை வைக்காதே என்று நிபந்தனை போட வழி இருக்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லவுடன் என்ற மாவட்டத்தில் டேட்டா சென்டர்கள் கட்டும் வரி, உள்ளூர் நிர்வாகத்தின் கஜானாவையே நிரப்புகிறது. அந்த பணத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது. இங்கே வரிச்சலுகை போக மீதி என்ன? அதில் ஊராட்சிக்கு எவ்வளவு? இதுதான் கேள்வி.

நிலம் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 2023-ல் செய்யாறு அருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் கொடுக்க மறுத்து போராடிய விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. தமிழகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு அது வாபஸ் ஆனது. முதலில் சட்டம், பிறகு பேச்சுவார்த்தை என்றால் எந்த திட்டமும் உருப்படாது.

கையெழுத்துக்கு முன் 5 கேள்வி

நாளைக்கே ஒரு கம்பெனி கோட்டு சூட்டோடு வந்து நின்றால், கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்:

1. தண்ணீர் நாளைக்கு எத்தனை லிட்டர்? ஆறா, போரா, சுத்திகரித்த கழிவுநீரா? மீட்டர் கணக்கை மாதாமாதம் ஊராட்சி போர்டில் ஒட்டுவீர்களா?

2. கரண்ட் எத்தனை மெகாவாட்? லைன் செலவு யாருடையது?

3. நிரந்தர வேலை எத்தனை? அதில் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு எத்தனை? ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பையன்களுக்கு முன்கூட்டியே பயிற்சி உண்டா?

4. சலுகை எத்தனை கோடி? ஊராட்சிக்கு வரும் வரி எவ்வளவு?

5. வறட்சி வந்தால் முதலில் யாருக்கு தண்ணீர் நிற்கும்? வயலுக்கா, குடோனுக்கா?

வாய்ப்பேச்சாக இல்லாமல் பதில் எல்லாம் எழுத்தில் வேண்டும். ஐந்தாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் மற்ற நான்குக்கும் மதிப்பு இல்லை.

20 ஆயிரம் வேலை என்று சொன்ன உளுந்தூர்பேட்டை ஷூ தொழிற்சாலையின் வாக்குறுதியை கடைசி ஆள் வரைக்கும் நிறைவேற்ற வைப்பதும், கல்வராயன் மலைக்கு ரோடும் சிக்னலும் கொண்டு போவதும்தான் இப்போது அவசரம். டேட்டா சென்டர் பிறகு வரட்டும். வந்தால் நம்ம கணக்குக்கு கட்டுப்பட்டு வரட்டும்.

மழை மலையில் பெய்கிறது. தண்ணீர் கோமுகியில் நிற்கிறது. அது யாருக்கு போக வேண்டும் என்பதை சென்னையில் ஏ.சி. அறையில் முடிவு செய்வார்களா, கச்சிராயபாளையத்தில் மக்களை உட்கார வைத்து கேட்பார்களா? கள்ளக்குறிச்சி மக்களுக்கு தெரிய வேண்டியது அதுதான்.